புகாரின் முதல் பக்கம்: எந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்குவது?

செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் அந்த மூன்று வரிச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். வாடகை வீட்டில் விபசாரம், புரோக்கர் கைது, இரண்டு பெண்கள் மீட்கப்பட்டுக் காப்பகத்தில் ஒப்படைப்பு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ‘அழகிகள் மீட்பு’ என்றே தலைப்புப் போட்டார்கள். வேலை தருவதாக நம்பவைத்து அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பெண்ணுக்கு அந்தச் சொல்லைச் சூட்டியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வழக்கு எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் பதிவானது என்பது அந்த மூன்று வரியில் இருக்காது. வீட்டை நடத்தியவர் அடுத்த வாரமே ஜாமீனில் வெளியே வருவாரா, பேரணாம்பட்டிலிருந்து அந்தப் பெண்ணை அனுப்பியவரின் பெயர் வழக்கில் ஏறுமா, மீட்கப்பட்டவள் சாட்சியாக நடத்தப்படுவாளா அல்லது கைதியைப்போல நடத்தப்படுவாளா என்ற எல்லாமே அந்தப் பிரிவு எண்ணில்தான் இருக்கின்றன. வேலூரில் சட்டத் தன்னார்வலராகப் புகார் மனு எழுதிக்கொடுக்கும் வேலையில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான்.

எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது காவல் ஆய்வாளர்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் மனுவில் என்ன விவரம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்கிறார். மனுவின் முதல் பக்கம் நம் கையில் இருக்கிறது.

பேச்சு தெளிவாக இருக்க, ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். குடியாத்தம் பக்கம். அக்காவுக்கு வயது 19, தங்கைக்கு 17. தாய் பீடி சுற்றுகிறார். தெருவில் எல்லோருக்கும் அறிமுகமான ஒரு பெண், பிள்ளைகள் ‘அத்தை’ என்று கூப்பிடுகிறவர், பெங்களூரில் அழகு நிலைய வேலை, மாதம் 20,000 ரூபாய், தங்க இடம் இலவசம் என்கிறார். இருவரும் போகிறார்கள். போன் பிடுங்கப்படுகிறது. நான்கு மாதம் கழித்து ஒருவழியாகத் தப்பி வந்து சேர்கிறார்கள். நம் பகுதியில் இது நடக்க முடியாத கதை அல்ல. காட்பாடி ஜங்ஷனில் நின்றால் ஒரு நடைமேடையில் பெங்களூரு ரயில், இன்னொன்றில் சென்னை ரயில், அப்புறம் திருப்பதிப் பாதை. சித்தூருக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம். மூன்று மாநிலங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. பிழைக்கப் போகிறவர்களுக்கு அது வசதி. பெண்களைக் கொண்டுபோகிறவர்களுக்கும் அதே வசதி.

இப்போது அந்தத் தாய் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முதலில் சொல்வது: “கேஸே வேண்டாம் அக்கா, பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அது போதும்.”

இதையும் ஒரு வழியாகவே எடுத்துப் பேச வேண்டும். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. நீதிமன்றத்துக்கு அலைவது, ஊரார் பேச்சு, நாளைக்கு நடக்க வேண்டிய கல்யாணம் எல்லாம் அந்தத் தாய் தலையில்தான் விழும். 19 வயது மகள் விஷயத்தில் முடிவு எடுக்க வேண்டியவள் அந்த மகள்தான். தாயும் அல்ல, நானும் அல்ல. அவள் வேண்டாம் என்றால் நான் பேனாவை மூடிவிடுவேன். ஆனால் 17 வயது மகள் விஷயத்தில் ‘வேண்டாம்’ என்ற வழியே சட்டத்தில் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தவர் எவரானாலும் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், நான், எல்லோருக்கும் இது பொருந்தும். இதைத் தாயை மிரட்டுவதற்காகச் சொல்வதில்லை. சுமை அவர் தலையில் மட்டும் இல்லை என்பதைச் சொல்லவே சொல்கிறேன்.

சரி, புகார் கொடுப்பது என்றாகிவிட்டது. எதில்?

காவல் நிலையத்தில் பழக்கத்தில் ஊறிப்போனது விபசாரத் தடுப்புச் சட்டம். 1956-இல் வந்தது, 1986-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதன் 3-வது பிரிவு விபசார விடுதி நடத்துவோருக்கு உரியது: முதல் முறை குற்றம் நிரூபணமானால் 1 முதல் 3 ஆண்டு கடுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம். இன்றைய விலைவாசியில் இந்த 2,000 ரூபாய் எதற்குக் காணும்? ஒரு பெண்ணின் ஒரு நாள் துன்பத்திலிருந்து அவர்கள் சம்பாதிப்பதற்கும் கீழே. இச்சட்டத்தின் 5-வது பிரிவு கடுமையானது. பாலியல் தொழிலுக்காக ஒருவரைத் திரட்டினால், கொண்டுபோனால் 3 முதல் 7 ஆண்டு. அவர் விருப்பத்துக்கு எதிராக என்றால் 14 ஆண்டு வரை. 6-வது பிரிவு, அடைத்து வைத்ததற்கு: 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகலாம். ஆக, சட்டத்தில் பல் இல்லாமல் இல்லை. சோதனை நடந்த வீட்டோடு வழக்கு முடிந்துபோவதுதான் குறை. வீட்டை நடத்தியவர் மேல் 3-வது பிரிவு, வருமானத்தில் பிழைத்தவர் மேல் 4-வது பிரிவு, அவ்வளவுதான். குடியாத்தத்து ‘அத்தை’ அந்தக் காகிதத்தில் எங்கும் இருக்க மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இச்சட்டத்தின்கீழ் விசாரிக்க ‘சிறப்புக் காவல் அதிகாரி’ வேண்டும், அவர் ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அப்படி நியமிக்கப்படாதவர் செய்த விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான்.

எனக்கு மிகவும் வலிப்பது இதன் 17-வது பிரிவு. மீட்கப்பட்ட பெண்ணை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, விசாரணைக்குப் பின் 1 முதல் 3 ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க ஆணையிடலாம். பாதுகாப்பு என்ற பெயரில்தான். ஆனால் நான்கு மாதம் ஓர் அறையில் பூட்டப்பட்டிருந்தவளுக்கு இன்னொரு பூட்டு என்னவாகத் தெரியும்? 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், வயதுவந்த பெண்கள் தங்கள் விருப்பத்துக்கு மாறாக இந்தக் காப்பகங்களில் வைக்கப்பட்டிருக்கிறார்களா என்று ஆய்வு செய்து குறித்த காலத்துக்குள் விடுவிக்கச் சொன்னது. சோதனையின்போது பாலியல் தொழிலாளிகளைக் கைது செய்வதோ துன்புறுத்துவதோ கூடாது என்றும் சொன்னது. அந்த உத்தரவைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நிலையத்துக்குள் போக வேண்டும்.

இதற்கு நேர் எதிரில் நிற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் நீதிபதி வர்மா குழு அறிக்கையைத் தொடர்ந்து 2013-இல் புதிதாக எழுதப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் புதிய எண்ணில் நடைமுறையில் இருக்கிறது. இந்தப் பிரிவின் கண் அழைத்துப்போன பாதை முழுவதையும் பார்க்கிறது: சேர்த்தவர், ஏற்றி அனுப்பியவர், தங்கவைத்தவர், கைமாற்றியவர், பெற்றுக்கொண்டவர் எல்லோரும் குற்றவாளிகள். மிரட்டல், வலுக்கட்டாயம், கடத்தல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், பணம் கொடுத்து ஆசை காட்டுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் போதும். அந்தப் பெண் சம்மதித்தாளா என்ற கேள்விக்கே இடமில்லை என்று சட்டமே விளக்கம் எழுதியிருக்கிறது. “தானாகத்தானே ரயில் ஏறினாள்?” என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு வரி பதில்.

தண்டனை: ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றால் 10 ஆண்டு முதல் ஆயுள். குழந்தை என்றாலும் 10 ஆண்டு முதல் ஆயுள். இதில் காவல் அதிகாரியோ அரசு ஊழியரோ உடந்தை என்றால் இயற்கையான ஆயுள் முடியும்வரை சிறை. நம் கதையில் இருவர், அதில் ஒருத்தி சிறுமி. அந்த ‘அத்தை’க்கு 10 ஆண்டுக்குக் குறையாது. விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவோடு மட்டும் வழக்கு நின்றிருந்தால் அவர் வழக்கிலேயே இல்லை.

அடுத்த 144-வது பிரிவையும் மறக்கக் கூடாது. கடத்தி வரப்பட்டவள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அவளைப் பாலியல் சுரண்டலுக்குப் பயன்படுத்தினால் 3 முதல் 7 ஆண்டு; சிறுமி என்றால் 5 முதல் 10. பணம் கொடுத்து வந்தவன் மீதும் பாயக்கூடிய பிரிவு இது. அவனையும் சேர்த்துக் கேட்காத புகாரை நான் அரைப் புகார் என்றே சொல்வேன்.

143-க்கு வேறொரு பலம் உண்டு, பலருக்கும் தெரியாதது. 143, 144 பிரிவுகளில் வரும் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலருக்கே அதே சன்ஹிதாவின் 199-வது பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. விபசாரத் தடுப்புச் சட்டப் புகாருக்கு இந்தக் கவசம் கிடையாது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதிவு செய்யலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. 10 ஆண்டு வரை தண்டனை உள்ள 143-ஐ அந்த இடுக்கில் தள்ள முடியாது. ஆகவே, மனு வந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து “போய் வாருங்கள், விசாரிக்கிறோம்” என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒருமுறை ஒரு குடும்பத்தோடு அப்படி வந்துவிட்டு, பத்து நாள் கழித்துத் திரும்பப் போனபோது புரோக்கர் வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பலவீனம்? இருக்கிறது. 143-இல் ஏமாற்றியதையும், சுரண்டும் நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வாக்குமூலமே முதுகெலும்பு. விசாரணை நீளும். நீளும்போது எதிர்த்தரப்பிலிருந்து சொந்தக்காரர்கள் மூலம் தூது வரும், பணம் வரும், மிரட்டலும் வரும். பிறழ் சாட்சியாகிவிட்டாள் என்று பெண்ணைக் குறை சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால்தான் மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை, நினைவும் துணிச்சலும் சூடாக இருக்கும்போதே சீக்கிரம் பதிவு செய்யக் கேட்கச் சொல்கிறேன்.

17 வயது மகளுக்கு வருவோம். இங்கே எனக்குத் தயக்கமே இல்லை: போக்சோ முன்னால் நிற்க வேண்டும், 143 அதன் தோளோடு தோளாக. 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. வயதை நிரூபித்தால் பாதி வழக்கு முடிந்தது; பள்ளிச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம், அது இல்லையென்றால் நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. வீட்டில் அந்தச் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று அன்றைக்கே தேடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பின் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு. 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு. ஒரே ஆள் மீண்டும் மீண்டும் செய்திருந்தால் 20 ஆண்டில் தொடங்கி மரண தண்டனை வரை. ஏமாற்றியோ மிரட்டியோ குழந்தையை ஏற்றிச் சென்றவரையும் தங்கவைத்தவரையும் 16-வது பிரிவு உடந்தையாளர் என்கிறது. உடந்தைக்கும் குற்றத்துக்கும் ஒரே தண்டனை. வாக்குமூலத்தைச் சீருடை இல்லாத பெண் அதிகாரி, வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது சட்டம். அது எப்போதும் நடப்பதில்லை என்றாலும், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இதற்கென்றே ஒரு சிறப்பு நீதிமன்றம் இருப்பது சிறிய ஆறுதல் அல்ல.

இப்படி ஒரே வீட்டின் இரண்டு பெண்களை, இரண்டு வயது வித்தியாசம் இரண்டு சட்டத்தில் பிரித்துவிடுகிறது. 19 வயதுக்காரியிடம் “நீ ஏன் கத்தவில்லை” என்று கேட்பார்கள். தங்கையிடம் கேட்க முடியாது. அக்காவின் புகாரில் நான் இரட்டிப்புக் கவனம் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, ஊரில் எல்லோரும் வாயில் வைத்திருக்கும் குண்டர் சட்டம். “குண்டாஸில் போடச் சொல்லுங்கள்” என்று தாய்மாமன் நிச்சயம் சொல்வார். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டம் அது. இதில் விபசாரக் குற்றவாளியும் அடக்கம். வேலூர் போன்ற மாவட்டத்தில் ஆட்சியர் ஆணையிடுவார். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். ஆணை சரிதானா என்று அறிவுரைக் குழுமம் பார்க்கும். அதிகபட்சம் 12 மாதம் தடுப்புக் காவல். ஆந்திரத்தில் 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், கர்நாடகத்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே மாதிரி உண்டு. ஆகவே ஆள் சித்தூர்ப் பக்கம் இருந்தாலும் வழி இருக்கிறது.

ஆனால் இது தண்டனை அல்ல. வழக்கு விசாரணையே இல்லாமல் ஒருவரை உள்ளே வைப்பது. பொது ஒழுங்குக்குக் கேடு என்று காட்ட வேண்டும். நடைமுறைத் தவறுகளால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் ஆணை ரத்தாவதும் அடிக்கடி நடக்கிறது. விசாரணையின்றி அடைக்கும் அதிகாரத்தை நான் மனதார விரும்பவில்லை. இருந்தாலும் அந்த 12 மாதத்தில் ஒரு பயன் உண்டு: பெண் சாட்சி சொல்லும் காலத்தில் புரோக்கர் தெருமுனையில் நிற்க மாட்டார். குடும்பம் இதை உரிமையாகக் கேட்க முடியாது, மிரட்டல் வந்ததை எழுத்தில் கொடுத்து மனுதான் செய்யலாம். கவனிக்க ஒன்று: இச்சட்டத்தில் ‘விபசாரக் குற்றவாளி’ என்பவர், விபசாரத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் செய்தவர். எனவே அந்தச் சட்டத்தை அடியோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். விடுதியை மூட ஆணையிடும் 18-வது பிரிவும் அதில்தான் இருக்கிறது. வேறெந்தச் சட்டத்திலும் அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை.

கும்பலாகச் செய்வோருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு, ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம், இருக்கிறது: 5 ஆண்டு முதல் ஆயுள், 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம். முன்பே குற்றப்பத்திரிகைகள் உள்ள கும்பல் என்று காட்ட வேண்டும். குடும்பம் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், காவல் துறை பார்த்துக்கொள்ளட்டும்.

2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆண்டுகளைக் கூட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வழக்கு தவறான பிரிவில் தொடங்கினால் எத்தனை ஆண்டைக் கூட்டினாலும் அது அந்த ‘அத்தை’யைத் தொடாது.

ஆகவே என் தேர்வு இது. அக்காவுக்கு 143, 144 முன்னால். பலாத்காரம் நடந்திருந்தால் அதற்குரிய பிரிவு கட்டாயம். விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 5, 6 பிரிவுகள் துணைக்கு. தங்கைக்குப் போக்சோவும் 143-உம். பலாத்காரத்தைச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டத்தில் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் வரை இழப்பீடு உண்டு. விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு மட்டும் உள்ள வழக்கில் அவள் பாதிக்கப்பட்டவளாகவே தெரிய மாட்டாள்.

எந்த நிலையத்தில் என்பதில் தடுமாற வேண்டாம். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்த பிறகு ஆம்பூர்க்காரரும் அரக்கோணத்துக்காரரும் “இது எங்கள் எல்லை இல்லை” என்ற பதிலை அதிகம் கேட்கிறார்கள். எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம், அதற்குப் பெயர் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். பெண்ணை எந்த ஊரிலிருந்து கொண்டுபோனார்களோ அங்கேயும் வழக்கு நடத்தலாம், கொண்டு சேர்த்த ஊரிலும் நடத்தலாம். விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 5-வது பிரிவே அதை எழுதி வைத்திருக்கிறது. நான் குடியாத்தத்தையே கேட்பேன். சாட்சி சொல்ல அந்தப் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெங்களூரு போக முடியாது.

மனுவை விடுதியிலிருந்து தொடங்காதீர்கள். யார், எந்த நாளில், எந்த வார்த்தை சொல்லி வேலைக்கு அழைத்தார், சம்பளம் எவ்வளவு என்றார், டிக்கெட் எடுத்தது யார், போனை வாங்கிக்கொண்டது யார், முதல் நாள் இரவு கதவைப் பூட்டியது யார் என்று தொடங்குங்கள். பணம் அனுப்பிய செய்தி, பேசிய பதிவு, ரயில் டிக்கெட் எதையும் அழிக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். அதில் 143 இல்லையென்றால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்களுக்கும், ஆள் கடத்தலுக்கு ஆளானவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தாலே போதும். வரும்போது அந்த நகலைக் கொண்டுவாருங்கள், பிரிவு எண்களைச் சேர்ந்தே படிப்போம்.